வெளுத்த சுரூபம்

பெண்களுக்குக் கழுத்துச் சுரூபம் எடுத்துக் கொடுப்பது சுலபம், ஆண்களுக்குத்தான் பெரும்பாடு என்பார் ஜேசுபாதம். பெண்கள் இன்ன மாதா, இந்த அளவு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருவார்கள். ஆண்கள் "ஏதோ ஒண்ணு குடும்வே" என்று விறைப்பாக நிற்பார்கள். தட்டை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டால் அப்புறம் லேசில் எழுந்து போக மாட்டார்கள். ஒருவனுக்கு அந்தோனியார் கையிலிருக்கும் பாலன் சிறுத்துத் தெரியும். இன்னொருவனுக்குச் சவேரியார் ரொம்ப மெலிந்திருப்பார். லாரிக்காரன் வழிப்பயணத்துக்குக் காவலான கிறிஸ்தோப்பரைக் கேட்பான், கேட்டுவிட்டு இவர் ஏன் தண்ணீருக்குள் நடக்கிறார், ரோட்டில் நடக்கிற மாதிரி இல்லையா என்பான்.

திரேஸ்புரத்தில் எங்கள் தெருவின் கடலோர முனையில் அவர் வீடு. முன்னறைதான் பட்டறை. கோயில் பக்கம் வெள்ளிக்கடை வைத்திருக்கும் காசிலிங்கம் அண்ணாச்சி வார்ப்புச் சுரூபங்களைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. வார்ப்பிலிருந்து வந்த கோலத்தில் பார்த்தால் சாமி என்று சொல்ல முடியாது, சாம்பல் பூத்து ஓரத்தில் கொம்பு முளைத்துக் கிடக்கும். கொம்பை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளையத்தை வெங்காரம் வைத்துப் பற்றவைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி எடுப்பார். ஆண்கள் சுரூபத்துக்குக் கூடுதல் வேலை. நெஞ்சு முடி சிக்காதபடி ஓரத்தை உருட்ட வேண்டும், வளையத்தின் பற்று விரலில் தட்டக் கூடாது.

கடைசியாகக் கறுப்பு கொடுப்பார். கந்தகக் கரைசலைச் சூடாக்கி அதில் சுரூபத்தை முக்குவார். வெள்ளி முதலில் மஞ்சளிக்கும், அப்புறம் மயில்கழுத்து நீலமாகும், பிறகு கரியாகிவிடும். மேட்டைத் துடைத்துவிட்டுப் பள்ளத்தில் மட்டும் கறுப்பை நிறுத்தினால்தான் சாமிக்குக் கண்ணும் மூக்கும் வரும். அந்த நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் தெரு முழுவதும் அடிக்கும். யாரும் குறை சொன்னதில்லை. வாசல் வாசலுக்குக் கருவாடு காயப்போட்டிருக்கும் தெருவில் நாற்றத்தைப் பற்றிப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

அவருக்கும் இஞ்ஞாசியம்மாளுக்கும் ஒரே மகன் பெவின். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தான். முதலாளி படகை விற்றுவிட்டுத் தூத்துக்குடியைவிட்டே போய்விட்டதால் ஊருக்கு வெளியே ஒரு மீன்தூள் கம்பெனியில் சேர்ந்தான். யாரும் தின்னாத கழிசல் மீனை வேகவைத்துக் காயவைத்து அரைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிற கம்பெனி. வேலைக்குப் போவதற்கு முன்னால் புதுச் சுரூபம் எடுக்க அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"பனிமய மாதாவ எடுல. ஊரு தாய விட்டுட்டு வேற யாரத் தேடுத?" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"மாதா எல்லாவன் கழுத்துலயும் கெடக்காம்மா. எனக்கு மிக்கேல் சம்மனசு."

"அது போலீஸ்காரன்லா போடுவான்?"

"கையில வாள் வச்சிருக்காருல்லா. சூப்பர்வைசர் வாயத் தொறந்தான்னா சட்டைக்குள்ளருந்து எடுத்து இவரக் காட்டிக்கிடலாம்." தட்டில் இருந்ததிலேயே கனமானதை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தான். "எப்பா, கழுத்துல கெடக்குன்னு தெரியணும். இதயே தேச்சுக் குடுங்க."

சொந்த மகனுக்கு என்று ஜேசுபாதம் அதை இரண்டு நாள் தேய்த்தார். அந்தத் தேவதூதனின் சிறகில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பிறகு இஞ்ஞாசியம்மாள் மகன் கழுத்தில் போட்டு, தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரல் வைத்து அளந்து, முந்தானையால் சுரூபத்தைத் துடைத்துவிட்டு, உதட்டில் வைத்து முத்தினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். துடைக்காமல் முத்த மாட்டார்கள்.

கம்பெனிக்குப் போன முதல் வாரத்திலேயே மிக்கேல் சம்மனசு மங்கிவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இட்லியும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்ட கையோடு, பெவின் கழுத்துச் செயினைக் கழற்றி அப்பாவிடம் கொடுப்பான். அவர் தேய்த்து வெளுத்துக் கொடுப்பார்.

"நான் காசு குடுத்துக் கந்தகம் வாங்கிக் கறுக்க வைக்கேன். ஒங்க கம்பெனிக்காரன் சும்மாவே கறுக்க வைக்கான் பாத்தியா."

"அங்க காத்தே அப்படித்தாம்ப்பா. தொட்டிப்பக்கம் போனா கண்ணு எரியும்."

"மூக்கப் பொத்திக்கிட்டு நில்லு."

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த நாற்றம் ஒரு ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாது. நாள் முழுவதும் அதை முகர்ந்துகொண்டுதானே அவரும் உட்கார்ந்திருந்தார்!

நாற்றத்தால் வந்த கேடு வேறு ஒன்று உண்டு. வைகாசியில் பெவினுக்கு ஒரு பெண் பேசி வந்தார்கள். பூ வைக்கிற வரைக்கும் பேச்சு வந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அவன் வேலையிலிருந்து நேரே வந்து நின்றான். குளித்துச் சோப்புப் போட்டும் போகாத நாற்றம் அது. பெண்ணின் அத்தை மூக்கை மறைத்துக்கொண்டே பலகாரம் சாப்பிட்டாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. பெவின் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் ஒரு மாதம் தெருவில் யாரோடும் நின்று பேசவில்லை.

ஆனி மாதம் மீன்பிடித் தடை முடிந்து படகெல்லாம் ஒரே நேரத்தில் கடலுக்குள் இறங்கின. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததில் பாதிக்குமேல் கழிசல். கம்பெனியில் மீன் மலையாகக் குவிந்து வெயிலில் கிடந்து அழுகியது. அதிலிருந்து வடியும் ரத்தத் தண்ணீர் தரைக்கடியில் ஒரு தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் செந்தில்முருகன் பெவினை உள்ளே இறங்கி அடைப்பை எடுக்கச் சொன்னான்.

சேதி கொண்டுவந்தவன் விஜயராஜ். பெவினோடு வேலைபார்ப்பவன், எங்கள் பக்கத்துத் தெரு. பைக்கை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். அவன் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. ஜேசுபாதம் பனிமய மாதா திருவிழாவுக்கான சுரூபங்களைக் கரைசலில் முக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பெவினு தொட்டிக்குள்ள விழுந்துட்டான்."

"அடி பட்டிருக்கா?"

விஜயராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஏணில நாலு படி எறங்குனான் மாமா. திரும்பி என்னயப் பாத்தான். முழங்கால் மடங்குது, கைய விட்டுட்டான். நானும் பின்னாலயே எறங்குனேன். ஒரு மூச்சுத்தான் இழுத்தேன், கண்ணு இருட்டிருச்சு. மேல நின்னவனுவ என் சட்டையப் புடிச்சு இழுத்துட்டானுவ. கொக்கியப் போட்டுத்தான் அவன எடுத்தோம்."

"எடுத்தீயல்லா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீயளா?"

"எடுத்தப்பவே இல்ல மாமா."

அடுப்பங்கரையிலிருந்து வந்த இஞ்ஞாசியம்மாள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் போட்ட சத்தத்தில்தான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது. கரைசலில் கிடந்த மாதாக்களை யாரும் எடுக்கவில்லை. அத்தனையும் கரிக்கட்டையாகிப் போயின.

சாயங்காலத்துக்குள் கம்பெனி தன் கதையைச் சொல்லிவிட்டது. பையன் ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளியாமல் வந்தான், தொட்டி ஓரத்தில் தடுக்கி விழுந்து சகதியில் மூழ்கினான், நாங்கள் இறங்கச் சொல்லவே இல்லை. தொட்டி பக்கத்தில் ஒரு குவாட்டர் பாட்டில் கிடந்ததாம். எவன் கொண்டுபோய் வைத்தானோ. பெவின் வருசத்துக்கு ஒருநாள் திருவிழாவுக்குப் பீர் குடிக்கிறவன், அதையும் முகம் சுளித்துக் குடிக்கிறவன்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவனை அறுத்துத் தைத்து வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அரைஞாண் கயிறும் செயினும் சுரூபமும். சுரூபம் கன்னங்கரேலென்று இருந்தது. முகமும் இல்லை, வாளும் இல்லை, ஓட்டைக் காசு ஒன்றைத் தீயில் போட்டு எடுத்தது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்துக் கொடுத்த சுரூபம்.

நடுவீட்டில் பெண்கள் பெவினைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கவர் ஜன்னல் திட்டில் கிடந்தது. எதிர்வீட்டு முத்துக்கனி அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள்.

"வெள்ளி கறுத்துருக்கு பாத்தியா? நஞ்சு ஏறுனாத்தான் வெள்ளி இப்படிக் கறுக்கும்."

"நெசமாவா?"

"பொண்ணு தட்டிப்போன நாள்லருந்தே பய மூஞ்சி சரியில்லளா. மருந்தக் கிருந்தக் குடிச்சிட்டுத்தான் தொட்டிக்குள்ள எறங்குனானோ என்னமோ, யாரு கண்டா."

முத்துக்கனி கெட்டவள் இல்லை. முந்தின இரவு முழுவதும் இஞ்ஞாசியம்மாளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே அவள்தான். ஆனாலும் வாய் இருக்கிறதே. இஞ்ஞாசியம்மாளுக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் அது காதில் விழுந்தது. எழுந்து வந்து கவரைப் பிடுங்கிக்கொண்டு பட்டறைக்குள் போனாள். ஜேசுபாதம் சுரூபம் தேய்க்கிற மோட்டார்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இதத் தேச்சு வெளுக்க வைங்க."

அவர் சுரூபத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது நஞ்சு இல்லளா. கந்தகக் கறுப்பு. ஓரத்துல பாரு, மயில்கழுத்து நிக்கி. நான் முக்குத கறுப்பேதான் இது."

"ஒங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா? சாமியார் இப்ப வந்துருவாவ. இதக் கழுத்துல போட்டு நாலு பேரு பாத்தானுவன்னா, மருந்தக் குடிச்சிட்டுச் செத்தான்னு சொல்லி எம்புள்ளயக் கல்லறையில தானாச் செத்தவனுவளோட மதிலோரமா வைப்பானுவ."

"இப்பல்லாம் அப்படி வைக்க மாட்டாவ."

"வைக்கலன்னாலும் வாய் சும்மா இருக்குமா? குடிகாரன்னு கம்பெனிக்காரன் சொல்லியாச்சு. மருந்து குடிச்சவன்னு இவளுவ சொல்லுதாளுவ. நான் எத்தனை பேரு வாயத்தான் மூடுவேன்?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க கையால கடைசியா ஒண்ணு செய்யுங்க. எம்புள்ள பளிச்சுன்னு போகட்டும்."

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. எந்தத் தகப்பன் மறுப்பான்? மோட்டாரைப் போடவில்லை, அழுகைக்கு நடுவில் அந்தச் சத்தம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். பஞ்சில் பவுடரைத் தொட்டுக் கையாலேயே தேய்த்தார். முதலில் வாள் வந்தது, பிறகு சிறகு வந்தது. முகம் வந்தபோது கொஞ்ச நேரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பள்ளத்திலிருந்த கறுப்பை மட்டும் வழக்கம்போல விட்டுவிட்டார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, தாமே கொண்டுபோய் மகன் கழுத்தில் போட்டார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு சுரூபத்தை அவர் முடித்ததில்லை. முத்துக்கனிகூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெட்டியைச் சாய்த்து வைத்து, சொந்தபந்தமெல்லாம் பின்னால் நிற்க, ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். செந்தில்முருகன் கம்பெனி சார்பில் பெரிய மாலை ஒன்றைக் கொண்டுவந்து, துக்கம் தாளாதவன் போல முன்வரிசையில் நின்றான். அந்த ஆளை இப்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. கோயில் மணி குறையில்லாமல் அடித்தது. பெவினைத் தாத்தா கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். மூடுவதற்கு முன்னால் இஞ்ஞாசியம்மாள் சுரூபத்தைக் கழற்றிக்கொண்டாள். வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டாள். மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றுதான் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

திருவிழா முடிந்து கொடி இறங்கிய வாரத்தில் விஜயராஜ் ஒரு வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். உமாராணி என்று பேர், தொழிலாளர் கேசுகளை நடத்துகிறவர். இஞ்ஞாசியம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தாள். அவள் இளைத்துப் பாதியாகியிருந்தாள்.

"விஜயராஜ் சொன்னதை வச்சு நான் ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதினேன்" என்றார் உமாராணி. "தொட்டிக்குள்ள விஷவாயு இருந்துச்சு, அதுலதான் பெவின் மயங்கி விழுந்தார்னு. ஆனா கம்பெனி தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க. போஸ்ட்மார்ட்டத்துல மூச்சடைப்புன்னு இருக்கு. சகதியில மூழ்கினாலும் மூச்சடைப்புதான், வாயுவாலும் மூச்சடைப்புதான். நம்ம கையில இருந்தது ஒண்ணே ஒண்ணு. தூக்குனப்போ கழுத்துச் சுரூபம் கறுத்திருந்துச்சுன்னு விஜயராஜ் பாத்திருக்கார்."

"ஆமா, கரியாட்டம் இருந்துது" என்றான் விஜயராஜ்.

"அந்த வாயு பட்டா வெள்ளி உடனே கறுத்துடும். டாக்டர் யாரும் மறுக்க முடியாது. அதைத்தான் எழுதியிருந்தேன். அதுக்குக் கம்பெனி கொடுத்த பதில் இது." செல்போனை எடுத்து நீட்டினார்.

அடக்கத்தன்று ஸ்டூடியோக்காரர் எடுத்த படம், செந்தில்முருகன் ஒரு காப்பி வாங்கி வைத்திருக்கிறான். பெவின் நெஞ்சை மட்டும் பெரிசாக்கியிருந்தார்கள். மிக்கேல் சம்மனசு பளபளவென்று வாளை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"விஷவாயு இருந்திருந்தா வெள்ளி கறுத்திருக்கணும், பாருங்க, பளிச்சுன்னு இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. அம்மா, இது வேற சுரூபமா? அடக்கத்துக்குன்னு புதுசா வாங்கிப் போட்டீங்களா?"

இஞ்ஞாசியம்மாள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேசுபாதம் எழுந்து போய் மாதா படத்திலிருந்து சுரூபத்தை எடுத்து வந்து உமாராணி கையில் வைத்தார்.

"அதேதாம்மா. நாந்தான் தேச்சு வெளுத்தேன்."

உமாராணி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஐயா, இந்தப் பள்ளத்துல கறுப்பு இருக்கே. இது அந்தக் கறுப்பா?" என்று கேட்டார்.

"பாதி நான் குடுத்தது, பாதி கம்பெனி குடுத்தது. ரெண்டும் ஒரே கந்தகம். எது எதுன்னு எனக்கே தெரியாதும்மா."

"தேய்க்கறதுக்கு முன்னால யாராவது போட்டோ எடுத்தாங்களா? போலீஸ் எழுதினதுல டாலர் ஒண்ணுன்னுதான் இருக்கு, நிறம் போடலை."

யார் எடுப்பார்கள்? அசிங்கம் என்று மறைத்ததை யார் படம் எடுப்பார்கள்? உமாராணி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுரூபத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வழி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் வழி எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அவர் போனதும் இஞ்ஞாசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான கெடுத்தேன். எம்புள்ளய நானே குடிகாரனாக்கிட்டேனே." சட்டென்று நிறுத்திப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "கறுக்க வைக்கது ஒங்க தொழில்தான? திரும்பக் கறுக்க வைங்க. அதே மாதிரி வைங்க."

"அதே மாதிரி வச்சிருவேன். மயில்கழுத்துகூட வரும்" என்றார் ஜேசுபாதம். "எவன்ளா நம்புவான்? கறுப்பு குடுக்கவன் வீட்டுலருந்து கறுத்த சுரூபம் வருது. படம் வேற அவன் கையில இருக்கு. குடிகாரன் வீடுன்னு சொன்னவன் பொய்க்கார வீடுன்னும் சொல்லுவான்."

அவள் எழுந்தாள். சுரூபத்தைத் திரும்பப் படத்துக்கு முன்னால் மாட்டப் போனவள், மாட்டாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதன் பளபளப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

விஜயராஜ் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கடலிலிருந்து மத்தியான வெக்கை வந்துகொண்டிருந்தது.

"மாமா, எனக்கு ஒரு சுரூபம் வேணும்."

"எதுக்குல இப்பம்?"

"பம்பு மறுபடியும் அடைச்சிருக்கு. நாளைக்கி என்னய எறங்கச் சொல்லிருக்கான்."

இஞ்ஞாசியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "எறங்காதல! ஒருத்தன வாரிக்குடுத்தது போதாதா?"

"எறங்கலன்னா வேலைக்கி வராதங்கான் அத்த. நான் எங்க போவேன்? போட்டுல ஆள் எடுக்க மாட்டக்கானுவ. ரெண்டு புள்ளய இருக்கு. தொட்டிக்கு மேல காத்தாடி ஒண்ணு வச்சிருக்கானுவ, ஆபீசர் வந்தாத்தான் அது சுத்தும்."

ஜேசுபாதம் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் குனிந்து பார்க்கவே இல்லை.

"எந்தச் சாமி வேணும்?"

"எந்தச் சாமின்னாலும் சரி மாமா. வெள்ளி நல்ல வெள்ளியா இருந்தாப் போதும். கறுப்பு குடுக்காதிய. முழுசா வெளுத்துக் குடுங்க."

"பள்ளத்துல கறுப்பு இல்லன்னா முகம் தெரியாதுல. மொட்டையா இருக்கும்."

"தெரிய வேண்டாம்."

ஜேசுபாதத்துக்குப் புரிந்துவிட்டது. தட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஓரத்தை உருட்டினார். உப்புத்தாள் போட்டார். பொடி எடுத்து மேடு பள்ளம் பார்க்காமல் தேய்த்தார். கந்தகச் சட்டியைத் தொடவில்லை. வளையத்தைச் செயினோடு சேர்த்து, யாரும் கழற்ற முடியாதபடி பற்றவைத்தார். முடிந்தபோது அது அந்தோனியாரா சவேரியாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஒரே வெளிச்சமாக இருந்தது. இத்தனை வருசத்தில் அவர் முகமில்லாமல் முடித்த சுரூபம் அது ஒன்றுதான்.

"ஒம் பொண்டாட்டிட்ட சொல்லிட்டியாடே?"

"இல்ல. நீங்க ரெண்டு பேரும் சாட்சி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இத ஒருத்தரும் தொடப்படாது. அவ அழுது கேட்டாலும் தொடைக்க விடாதிய. மொதல்ல வக்கீலம்மாவக் கூப்புட்டு போட்டோ எடுக்கச் சொல்லுங்க."

ஜேசுபாதம் தலையை ஆட்டினார். விஜயராஜ் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வழக்கப்படி இஞ்ஞாசியம்மாள் முன்னால் வந்து குனிந்து நின்றான். அவள் தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரல் வைத்து அளந்தாள். சுரூபம் சரியான இடத்தில்தான் கிடந்தது. அதை உள்ளங்கையில் எடுத்துத் துடைத்து முத்துவதற்காக முந்தானையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு முந்தானையைக் கீழே விட்டுவிட்டு, துடைக்காமலேயே முத்தினாள்.